டேப் வந்தது, பலகை போகவில்லை

ஏழு மாதத்துக்கு முன்பு எங்கள் வார்டுக்கு நான்கு டேப்கள், அதாவது டேப்லெட் கணினிகள், வந்தன. கூடவே, டூட்டி மாறும்போது ஓவர் கொடுப்பதற்கென்று ஒரு செயலி. "இனிமே நோட்டு வேண்டாம், பலகை வேண்டாம், எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு" என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் தோழிகள் ஒவ்வொருத்தியாகக் கேட்கிறார்கள்: "எப்படி இருக்கு அக்கா? எங்க மேனேஜ்மென்ட்லயும் வாங்குறதப் பத்திப் பேசுறாங்க." தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். செயலியின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லமாட்டேன். மாதா மாதம் சம்பளம் வந்துகொண்டிருக்க வேண்டும். திருச்சிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாடி, சர்ஜிக்கல் வார்டு, 28 கட்டில். நான் அங்கே இன்சார்ஜ் சிஸ்டர். வேலைக்கு வந்து 17 வருஷம், அதில் நாலு வருஷம் ரியாத்தில்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காலை 8, மதியம் 2, இரவு 8 என்று எங்களுக்கு மூன்று முறை ஆள் மாறும். மாறுகிற ஒவ்வொரு முறையும் 28 பேரின் நிலவரம் முழுவதையும் போகிறவர் வருகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும். யாருக்கு ஆபரேஷன், யார் வாயில் ஒன்றும் போகக்கூடாது, யாருக்கு எந்த ரிசல்ட் வர வேண்டும், எந்த டாக்டர் எதைச் சொல்லிவிட்டுப் போனார், எதைச் செய்தாயிற்று, எது பாக்கி. இதைத்தான் ஓவர் என்கிறோம். ஓவரில் விட்டுப்போன ஒன்று அடுத்த ஆறு மணி நேரமும் விட்டுப்போகும். இரவென்றால் பன்னிரண்டு மணி நேரம்.

செயலி வருவதற்கு முன்னால் எங்களிடம் இருந்தவை ரிப்போர்ட் புக், சுவரில் வெள்ளைப் பலகை, ஆளுக்கொரு சட்டைப்பைச் சீட்டு, அப்புறம் வாட்ஸாப். ரிப்போர்ட் புக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதினோம், அலமாரியில் அடுக்கினோம். நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் எடுத்துப் பார்க்க ஒரு சாட்சி, அவ்வளவுதான். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது.

லேப் ரிசல்ட். முன்பெல்லாம் பொட்டாசியம் 6.2 என்று ஆபத்தான அளவில் இருந்தால் லேபிலிருந்து போன் வரும். எடுத்தவர் கையில் பேனா இருந்தால் கையிலேயே எழுதிக்கொள்வார். பிறகு கை கழுவப் போவார்! இப்போது வார்டு பட்டியலில் அந்தக் கட்டில் சிவப்பாகிவிடுகிறது. எத்தனை மணிக்கு வந்தது, யார் பார்த்தார், எந்த டாக்டருக்குச் சொல்லப்பட்டது என்று அடியிலேயே பதிவாகிறது. லேப்காரர்கள் இன்னமும் போனும் செய்கிறார்கள். அதை நிறுத்தாதீர்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது, டிஸ்சார்ஜ். காலை 9 மணிக்கு ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். குடும்பம் பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடும். சம்மரி அடிக்க வேண்டும், மீதி மருந்தை பார்மஸிக்குத் திருப்ப வேண்டும், பில் போட வேண்டும், இன்சூரன்ஸிலிருந்து அனுமதி வர வேண்டும். நாலு மணிவரை "சிஸ்டர், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பத்து நிமிஷத்துக்கொரு முறை கேட்பார்கள். எனக்கும் தெரியாது. இப்போதும் நாலு மணிதான் ஆகிறது, அதில் மாற்றமில்லை. ஆனால் காகிதம் எங்கே நிற்கிறது என்று டேப் காட்டுகிறது. "உங்க பில் ரெடி, இன்சூரன்ஸ்ல நிக்குது" என்று சொன்னால் கோபம் என்னிடமிருந்து சரியான இடத்துக்குப் போகிறது. இந்த ஒரு வசதிக்கே அரை நட்சத்திரம் கூடப் போடலாம்.

மூன்றாவதுதான் பெரியது. நாடித்துடிப்பு, பி.பி., மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், காய்ச்சல், நினைவு, இவற்றைப் பதிந்தால் செயலி தானே கூட்டி ஒரு மதிப்பெண் போடுகிறது. இது இவர்கள் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்த நியூஸ் என்ற அபாய மதிப்பெண்தான், 2017இல் திருத்தி நியூஸ் 2 ஆனது. 5 வந்தால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும், 7 என்றால் அவசரம். கையால் கூட்டியபோது நைட்டில் பாதிப் பேர் கூட்டவே மாட்டார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எதுவும் பயமாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள விஷயம்.

செயலி வந்த இரண்டாவது மாதம், 21ஆம் கட்டில், குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். அதிகாலை 2 மணி. நாடி 118, பி.பி. 96/60, மூச்சு 24, காய்ச்சல் 101, ஆக்சிஜன் 95. ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். டூட்டியில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். "கொஞ்சம் காய்ச்சல், காலையில சொல்லிக்கலாம்" என்று நினைத்திருப்பாள், அந்த வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். டேப் 8 என்று காட்டிச் சிவந்தது. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டாள். நோயாளி அன்று ஐ.சி.யூ. போனார், பதினோராம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

அந்தப் போனில் அவள் என்ன பேசினாள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் செயலிக்குப் பங்கில்லை. புதிதாக வருகிற பிள்ளைகள் டாக்டரைக் கூப்பிட்டு, "சார், பேஷண்ட் நல்லா இல்ல சார்" என்பார்கள். தூக்கத்தில் இருக்கும் டாக்டர், "என்ன நல்லா இல்ல?" என்பார். இவள் பயந்து, "வந்து பாருங்க சார்" என்பாள். அவருக்கு எரிச்சல், இவளுக்கு அழுகை, நடுவில் கிடப்பவர் நோயாளி. நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது இது: "சார், மூணாவது மாடி, 21ஆம் பெட். பி.பி. இறங்குது, நாடி 118, ஸ்கோர் 8. ரெண்டு நாளுக்கு முன்னாடி குடல் ஆபரேஷன் ஆனவர். வயிறு இறுக்கமா இருக்கு, உள்ள கசிவு இருக்குமோன்னு பயமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும். வர்றதுக்குள்ள ஃப்ளூயிட் வேகமா விடட்டுமா?" இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். எஸ்.பி.ஏ.ஆர். என்று இதற்குப் பெயர். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பேசிப் பழகிய முறை, கைசர் பெர்மனென்டே ஆஸ்பத்திரிகள் வழியாக மருத்துவத்துக்கு வந்தது. நான் ரியாத்தில் கற்றுக்கொண்டேன். மூன்றாவது பகுதிதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாயில் வராது. "எனக்குத் தோணுது" என்று ஒரு நர்ஸ் டாக்டரிடம் சொல்வதா? சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நானே டாக்டராக நடித்து, குரலைக் கடுமையாக்கிப் பழக்குகிறேன்.

சரி, இனி குறைகள்.

டேப்புக்குள் நுழையும்போதே தொடங்கிவிடும். மூன்று நிமிஷம் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும். டிரெஸ்ஸிங் செய்துகொண்டே குறிக்க முடியாது. கிளவுஸைக் கழற்று, கை சுத்தம் செய், பாஸ்வேர்ட் போடு, மறுபடி கிளவுஸ். 22ஆம் கட்டில் லிஃப்டுக்குப் பக்கம், அங்கே வைஃபை கிடையாது. 22க்கு எழுத வேண்டுமென்றால் 19வரை நடந்து வர வேண்டும். நான்கில் ஒரு டேப் எப்போதும் சார்ஜில் கிடக்கிறது, இன்னொன்றுக்கு மூலையில் விரிசல். இவையெல்லாம் எரிச்சல்கள்தான். பழகிவிடலாம்.

பழகக் கூடாத ஒன்று, "முந்தைய ஓவரைக் கொண்டு வா" என்ற பொத்தான்.

17ஆம் கட்டில். பித்தப்பை ஆபரேஷன், வயிற்றில் டிரெயின் வைத்திருந்தது, உள்ளே தேங்குவதை வெளியே வடிக்கிற குழாய். மூன்றாம் நாள் மதியம் சர்ஜன் வந்து டிரெயினை எடுத்துவிட்டார். இரவு ஓவரில் செயலி சொன்னது: டிரெயின் உள்ளது, நன்றாக வடிகிறது. மறுநாள் காலை ஓவரிலும் அதே வரி. 2 மணி டூட்டிக்காரி எழுதியதை 8 மணிக்காரி கொண்டுவந்தாள், 8 மணிக்காரி கொண்டுவந்ததைக் காலையில் வந்தவள் வாங்கிக்கொண்டாள். பொத்தானை ஒரு தடவை தட்டினால் ஒருத்தி பொறுப்பில் உள்ள ஏழு நோயாளிகளுக்கும் நேற்றைய விவரம் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். மாறியதை மட்டும் திருத்த வேண்டும் என்பது கணக்கு. மாறாததுபோல் தெரிவதை யார் திருத்துவார்?

காலை ரவுண்ட்ஸில் சர்ஜன் டேப்பை வாங்கிப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டர், நேத்து மத்தியானம் நான் எடுத்த டிரெயின் இன்னும் நல்லா வடியுதாமே?" பக்கத்தில் நோயாளியின் மகன் நின்றான். அவன் சிரித்துவிட்டான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வார்டு முகப்புக்கு வந்து பலகையைப் பார்த்தேன். 17க்கு நேராக டிரெயினுக்கான நீலக் காந்தம் இல்லை. சர்ஜனுக்கு டிரெயின் எடுக்க உதவிய பெண், டிரேயைக் கொண்டுபோய் வைக்கிற வழியிலேயே காந்தத்தையும் எடுத்துவிட்டிருக்கிறாள். செயலியில் எழுதப் பிறகு போகலாம் என்றிருந்தாள், அந்தப் 'பிறகு' வரவே இல்லை. பலகை அவள் போகிற வழியில் இருந்தது, டேப் சார்ஜில் இருந்தது.

பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், போட்டியாளர் அதுதான். ஆறடிக்கு நாலடி, காந்தம் ஒட்டும் ரகம், 2016இல் வாங்கியது. இடது பாதியில் 1 முதல் 14, வலது பாதியில் 15 முதல் 28. கோடுகளை மார்க்கரால் போட்டால் துடைக்கிறபோது அழிந்துவிடும் என்று மெல்லிய கறுப்பு ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறோம். சிவப்புக் காந்தம் என்றால் வாயில் ஒன்றும் தரக்கூடாது. நீலம் டிரெயின். மஞ்சள், கட்டிலிலிருந்து விழக்கூடியவர். பச்சை, இன்று வீட்டுக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் மாம்பழ வடிவக் காந்தம், யாரோ ஃப்ரிட்ஜில் ஒட்டுவதற்கு வாங்கியதைக் கொண்டுவந்து ஒட்டினார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. நோயாளிப் பெயரை முழுதாக எழுதுவதில்லை, வந்துபோகிறவர்கள் படிப்பார்கள், முதலெழுத்து மட்டும். கட்டில் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். மருந்து கொடுக்கும்போது கைப்பட்டையில் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் பார்த்துத்தான் கொடுப்போம். பலகை வேலையைப் பிரிப்பதற்கு மட்டும்.

காலை 7:50க்கு அதன் முன்னால் நின்று பாருங்கள். இரவு டூட்டி மூன்று பேர், காலை டூட்டி நான்கு பேர், நான், டியூட்டி டாக்டர், முடிந்தால் பிசியோதெரபிஸ்ட். பத்துப் பன்னிரண்டு நிமிஷம். யாரும் உட்காருவதில்லை. ஒருத்தி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். "11, இன்னிக்கு தையல் பிரிக்கணும்." பிசியோ குறுக்கே புகுந்து, "அவர நடக்க வைக்கறதுக்கு முன்னாடி பிரிச்சிடாதீங்க, நேத்தே வலியில கத்துனாரு" என்பார். "அப்ப பதினோரு மணிக்கு வெச்சுக்கலாம்." தீர்ந்தது. "14க்கும் 16க்கும் ஒரே நேரத்துல ஸ்கேன், வீல்சேர் ஒண்ணுதான் இருக்கு." "16 நடப்பார், அனுப்பிடலாம்." இந்தப் பேச்சு செயலியின் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒரு நாளின் வேலைத்திட்டம் என்பது இப்படி இரண்டு பேர் இடித்துக்கொள்ளும் இடத்தில்தான் உருவாகிறது. டேப்பில் ஓவர் என்றால் ஆளுக்கொரு மூலையில் குனிந்து படிக்கிறோம். எனக்குப் புரியாததை நீ பார்க்கவில்லை, உன் முகம் சுருங்குவதை நான் பார்க்கவில்லை.

செயலியில் ஓவர் வாங்குவதற்கு இருப்பது ஒரே ஒரு பொத்தான்: ஏற்றுக்கொள்கிறேன். ஒரு தட்டில் ஏழு பேரை ஏற்றுக்கொள்ளலாம். ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், திறந்து தட்டி மூட நாலு விநாடி. வாங்கினவள் என்ன புரிந்துகொண்டாள் என்று யாரும் கேட்கவில்லை. வட அமெரிக்காவில் 9 ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவில் ஐ-பாஸ் என்ற முறையில் பயிற்சி டாக்டர்களுக்கு ஓவர் கொடுக்கப் பழக்கிப் பார்த்தார்கள். 10,740 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2014இல் முடிவு வெளியானது: தவறுகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. அந்த ஐ-பாஸில் (I-PASS) ஒவ்வொரு எழுத்தும் ஓவரின் ஒரு படி. கடைசி எழுத்தான எஸ் எதற்கு என்றால், வாங்கிக்கொண்டவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வதற்கு. எங்கள் செயலியின் விளம்பரத் தாளில் ஐ-பாஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அந்தக் கடைசி எழுத்தை மட்டும் பொத்தானாக்கிவிட்டார்கள்.

திருப்பிச் சொல்வதன் அருமை போனில் ஆர்டர் எடுப்பவர்களுக்குத் தெரியும். ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? இன்சுலின் விஷயத்தில் இதைக் கேட்காமல் விட்டால் ஆள் போய்விடுவார். "ஒன் ஃபைவ் யூனிட்ஸ், சரியா சார்?" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் எழுதுவோம். எழுதும்போதும் யூனிட் என்று முழுதாக. சுருக்கி யு என்று ஆங்கிலத்தில் போட்டால் சுழியம்போலத் தெரிந்து பதினைந்து நூற்றைம்பதாகிவிடும்.

பலகையைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதுவும் ஒருநாள் எங்கள் காலை வாரிவிட்டது. செயலியில் எல்லாம் சரியாக இருந்த நாள் அது.

9ஆம் கட்டில், குடலிறக்க ஆபரேஷன். நாளை மறுநாள் என்றிருந்ததை மறுநாள் காலைக்கே மாற்றினார்கள். முடிவானபோது இரவு 11:40. டியூட்டி டாக்டர் செயலியில் பதிந்தார், நடு இரவுக்கு மேல் ஒன்றும் தரக்கூடாது என்றும் போட்டார். நைட் சிஸ்டர் பார்த்தாள், நோயாளியிடம் சொன்னாள், அவர் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினார். பலகையில் சிவப்புக் காந்தம் வைக்க மறந்துபோனாள். காலை 7:15க்குச் சாப்பாட்டு வண்டி அக்கா வந்தார். அவர் எப்போதும்போல் பலகையைப் பார்த்தார், 9க்குச் சிவப்பு இல்லை. மூன்று இட்லி, சாம்பார், சட்னி. நான் வந்து சேர்ந்தபோது 9ஆம் கட்டில்காரர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார், நல்ல சாப்பாடு என்று வேறு சொன்னார். லேசான உணவென்றாலும் மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்க டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பட்டியல் முழுவதும் குலைந்தது, 9ஆம் கட்டில் மதியம் கடைசியாகப் போனது. ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த உறவினர் கூட்டத்துக்குப் பதில் சொன்னது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டு வண்டி அக்காவை மேலிடம் விசாரித்தது. "எனக்கு அந்த டேப்புல பாஸ்வேர்ட் கிடையாதுங்க" என்றார். அதற்குமேல் யாராலும் பேச முடியவில்லை. உண்மைதானே? செயலியில் நுழையும் உரிமை டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருக்கிறது. சாப்பாடு தருகிறவர், தள்ளுவண்டியில் கூட்டிப் போகிறவர், கட்டிலைச் சுத்தம் செய்கிறவர் யாருக்கும் இல்லை. வார்டின் பாதி வேலை இவர்கள் கையில்தான் நடக்கிறது. இவர்களுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் பலகையில் இருந்தாக வேண்டும், அல்லது கட்டிலிலேயே தொங்க வேண்டும். இப்போது ஒரு சிவப்பு அட்டை வைத்திருக்கிறோம், "வாயில் எதுவும் தரக்கூடாது" என்று பெரிய தமிழ் எழுத்தில். காந்தம் வைக்கிற கைதான் அட்டையையும் மாட்ட வேண்டும், பிறகுதான் டேப். வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: யார் யாருக்கெல்லாம் இதைப் பார்க்க முடியாது?

வாட்ஸாப் பற்றிச் சுருக்கமாக. மூன்று குழுக்கள் இருந்தன. காலையில் எழுந்தால் நூற்றுக்கு மேல் செய்தி, அதில் நாலுதான் வேலைக்கானது, மீதி ஓகே, கட்டைவிரல், குட் மார்னிங் பூக்கள். சீனியர் டாக்டர்கள் காரில் போய்க்கொண்டே குரல் பதிவு அனுப்புவார்கள், பின்னணியில் பஸ் ஹார்ன். புண்ணைப் படமெடுத்துப் போட்டால் அது எடுத்தவளின் போனில் குழந்தையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நிர்வாகமே பயந்துபோய்ப் படங்களை நிறுத்தியது. செயலிக்குள்ளேயே படம் எடுக்கலாம், போனில் தங்காது. இதில் செயலிக்கே முழு மதிப்பெண். ஆனால் டாக்டர்கள் வாட்ஸாப்பை விடவில்லை. "செயலியில போட்டிருக்கேன் சார், பாருங்க" என்று வாட்ஸாப்பில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சட்டைப்பைச் சீட்டும் ஒழியவில்லை. ஏ4 தாளை எட்டாக மடித்து, மடிப்புக்கு ஒரு நோயாளி, ஓரத்தில் மணி. செய்து முடித்ததை அடித்துக்கொண்டே போவோம். செயலியில் ஏன் இதைச் செய்யவில்லை என்று பயிற்சிக்கு வந்த பையன் கேட்டான். அவனை என் கூட அரை மணி நேரம் நடக்கச் சொன்னேன், அப்புறம் கேட்கவில்லை. சீட்டில் இருப்பதில் பாதி, செயலியின் பட்டியல்களுக்குள் அடங்காது. வலி என்றால் லேசானது, மிதமானது, கடுமையானது என்று தேர்ந்தெடுக்கலாம். 5ஆம் கட்டில் பாட்டிக்கு இடது காது கேட்காது, வலப்பக்கம் நின்று பேச வேண்டும், மருமகள் கொடுத்தால் மாத்திரையைத் துப்பிவிடுவார், பேத்தி கொடுத்தால் விழுங்குவார் என்பதை எந்தப் பட்டியலில் தேடுவது? 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது நான்கு தட்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே எழுதினால் யாரும் படிப்பதில்லை. அந்தப் பாட்டிக்கு ஒருநாள் மாலை மாத்திரை கொடுக்க மூன்று பேர் முயன்று தோற்றார்கள். மறுநாள் காலை டூட்டிக்கு வந்தவள் சீட்டை எடுத்துப் பார்த்து, "பேத்தியக் கூப்பிடுங்க" என்றாள். சீட்டில் ஒரு தொல்லை உண்டு, டூட்டி முடிந்ததும் கிழித்துப்போட்டுவிட்டு வர வேண்டும். நான் இரண்டு தடவை யூனிஃபார்மோடு வாஷிங்மெஷினில் போட்டிருக்கிறேன்.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்று. டிஸ்சார்ஜுக்கு அரை சேர்த்தால் மூன்றரை. 'முந்தைய ஓவரைக் கொண்டு வா' பொத்தானை எங்கள் வார்டுக்கு மட்டும் எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நாலு மாதமாகப் 'பரிசீலனையில்' இருக்கிறது. அதற்குள் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஓவர் பலகை முன்னால் வாயால் நடக்கும், வாங்குகிறவர் தன் ஏழு பேரில் மோசமான இரண்டு பேரைத் திருப்பிச் சொல்வார், டேப் ஒருத்தி கையில் இருக்கும், சொல்வதும் டேப்பில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று அவள் பார்ப்பாள். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்தி, கட்டிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். முன்பைவிட நாலு நிமிஷம் கூடுகிறது. இரவு டூட்டி முடித்தவர்கள் பஸ்ஸுக்கு முனகுவார்கள். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காரர்கள், இதய ஆபரேஷன் முடிந்த குழந்தையை ஐ.சி.யூ.வுக்கு ஒப்படைக்கும் முறையைச் சீராக்க ஃபெராரி பந்தயக் கார் அணியிடம் போய்ப் பாடம் கேட்டார்கள். டயர் மாற்றுகிறவர்களிடம்! யார் எங்கே நிற்பது, யார் எப்போது பேசுவது, யார் பேசாமல் இருப்பது. அந்தக் கதையைச் சொல்லித்தான் முனகுகிறவர்களைச் சமாதானம் செய்கிறேன். டேப் பிடிக்கிறவள் ஓவர் நேரத்தில் வேறு பேச்சு பேசக்கூடாது, அதுதான் ஃபெராரியிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது.

போன வாரம் வார்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பலகையைக் கழற்றி லிஃப்ட் பக்கம் தரையில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார் மேஸ்திரி. "இதான் சாக்கு, அப்படியே ஸ்டோருக்கு அனுப்பிடலாமே சிஸ்டர்" என்றார் ஆபீஸ்காரர். பார்க்கலாம் சார் என்றேன். மறுநாள் காலை 7:45க்கு மாடியேறி வந்தால் வார்டு முகப்பில் யாருமில்லை. எல்லாரும் லிஃப்ட் பக்கம் நிற்கிறார்கள், நைட் டூட்டியும் காலை டூட்டியும். பிசியோ சுவரில் சாய்ந்திருக்கிறார், சாப்பாட்டு வண்டியும் அங்கேயே ஓரமாக நிற்கிறது. பலகை தரையில் இருப்பதால் 28ஆம் வரிசைக்கு எழுத ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயில் மார்க்கர் மூடி, கையில் ஒரு பச்சைக் காந்தம். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே நின்ற ஆர்த்தோ சார் வெளியே வர வழியில்லாமல், "என்ன சிஸ்டர், வார்டு இங்க மாறிடுச்சா?" என்றார்.

"இல்ல சார். உங்க 24க்குப் பச்சை வைக்கலாமா, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள் உட்கார்ந்திருந்தவள்.